அறுபத்து மூன்று வாட்

இஸ்திரிப் பெட்டியின் முதுகில்
ஆயிரம் வாட் என்று அச்சடித்திருக்கிறது.
அதை வைத்துத்தான் ஏகாம்பரம் கணக்குப் போடுகிறார்:
ஆறு மணி நேரம், ஆறு யூனிட்,
யூனிட் பன்னிரண்டு, ஆக எழுபத்திரண்டு.
தினம் ராத்திரி பக்கத்து வாசலிலிருந்து
கை மட்டும் முதலில் வரும்.

எர்ணாவூரில் எந்த மாடியில் நின்றாலும்
புகைபோக்கி தெரியும்.
கரண்ட் பிறக்கிற ஊருக்குப் பக்கத்து ஊர்.
சாம்பல் மட்டும் முழு வோல்டேஜில் வந்து சேரும்.
துவைத்த சட்டையையும்
ஒரு தரம் உதறிவிட்டுத்தான் தேய்க்கிறேன்.

நான் ஐடிஐயில் வயர்மேன் படித்தவள்.
பொம்பள போஸ்ட் ஏறுவியா என்றவர்கள் முன்னால்
ஏறிக் காட்டினேன்.
இறங்கி வந்து பார்த்தால்
வேலையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள்.
மிஞ்சியது மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய
ஒரு கிளாம்ப் மீட்டர்.

நேற்றுதான் சந்தேகம் வந்தது.
பெட்டியின் சிவப்பு விளக்கு
ஆறு மணி நேரமும் அணையவே இல்லை.
போதிய சூடு ஏறினால்தானே அது ஓயும்?
மூன்று முறை இழுத்த பிறகும்
காட்டன் புடவை முகம் சுளித்தே கிடந்தது.

பிளக்கில் வைத்துப் பார்த்தேன்,
நூற்று எண்பத்தாறு வோல்ட்.
ஒற்றை வயரைப் பிரித்து மீட்டருக்குக் கவ்வக் கொடுத்தேன்,
மூன்றரை ஆம்பியர்.
அதை இதால் வகுத்தால்
தடை ஐம்பத்து மூன்று ஓம்.
தடுக்கிறவன் ஊகூம் என்றல்லவா சொல்வான்,
தடைக்குப் போய் ஓம் என்று பேர் வைத்திருக்கிறார்களே
என்று வகுப்பில் சிரித்தது ஞாபகம் வந்தது.
பெருக்கினால் அறுநூற்று ஐம்பத்தொன்று.
மீதி வாட் எங்கே?

பெட்டியின் மேல் குற்றமில்லை.
அதன் தடை அப்படியேதான் இருக்கிறது.
அழுத்தம் குறைய, ஓட்டமும் குறைய,
அனல் இரண்டு தரம் அடி வாங்குகிறது.

பெட்டி ஓடும்போதே
மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகையிலும் பார்த்தேன்.
அங்கே இருநூற்று நான்கு.
அங்கிருந்து என் பிளக்குக்கு ஒரு சுவர்தான் தூரம்.
பதினெட்டு வோல்ட்
நடுவழியில் இறங்கிவிட்டிருக்கிறது.
பதினெட்டு மூன்றரை
அறுபத்து மூன்று வாட்.
அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று
சுவருக்குள்ளே எரிகிறது,
வெளிச்சமில்லாமல்.

காய்ச்சல் பார்க்கிற மாதிரி
உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நகர்ந்தேன்.
சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி
சுண்ணாம்பு வெதுவெதுத்தது.
அதற்கு மறுபக்கம்தான்
ஏகாம்பரம் சாய்ந்து டிவி பார்க்கிற இடம்.
"ஆர்பர்ல மூட்ட தூக்குன முதுகும்மா,
இந்தச் செவுத்துல சாஞ்சாத்தான் கேக்குது,
ஒத்தடம் குட்த்த மாரி கீது"
என்று என்னிடமே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

துணி கட்டும் தாளின் ஓரத்தில்
எல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன்.
சுவர் குடிப்பதையும் சேர்த்து எழுநூற்றுப் பதினாலு வாட்,
ஆறு மணிக்கு நாலேகால் யூனிட்டும் சொச்சமும்,
ஐம்பத்தோரு ரூபாய்.
"பொட்டி மேல இன்னா எய்திகீது? ஆயிரம்தானே?
கம்பெனிக்காரன் பொய் எய்துவானா?"
அச்சை நம்புகிறவரிடம்
பென்சிலுக்கு என்ன மரியாதை.

மெயினை இறக்கிவிட்டு ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன்.
கடல்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது.
டேப் உருகிக் கரிந்து,
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
இரண்டு வயரும் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன.
இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால்
அவர் முதுகு ஒத்தடத்தோடு நின்றிருக்காது.
சுரண்டினேன், புது நுனி சீவினேன்,
கனெக்டரில் செருகித் திருகை இறுக்கினேன்.

மறுபடி பிளக்கில், இருநூற்று மூன்று.
கஞ்சி போட்ட வேட்டி ஒரே இழுப்பில் படிந்தது.
எட்டு மணிக்குச் சற்று முன்னால்
சிவப்பு விளக்கு தானாக அணைந்தது.
ஏதோ கெட்டுப்போச்சென்று
நானே ஒரு கணம் பயந்துவிட்டேன்.

ராத்திரி சுவரில் இரண்டு தட்டு.
"இன்னா பண்ண தேசராணி?
செவுரு சில்லுனு ஆயிப்போச்சே!"

நான் பதில் சொல்லவில்லை.
ஐம்பத்தோரு ரூபாயை எண்ணித் தனியாக வைத்தேன்.